இரண்டு நிமிட வாக்குமூலம்

என் கழுத்தின் அடிப்பக்கத்தில், நடுவாக, ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. மூச்சு போவதும் வருவதும் அது வழியாகத்தான். மூக்கு இப்போது முகத்தில் சும்மா இருக்கிறது. பேச வேண்டுமென்றால் டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியைத் தாடைக்குக் கீழே அழுத்திக்கொண்டு உதட்டை அசைக்க வேண்டும். தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரு சத்தம் வரும். பழகியவர்களுக்குப் புரியும்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் இதே நோயோடு உட்கார்ந்திருப்பவர்கள் என்னைக் கண்டால் பக்கத்தில் வந்து, "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்கிறார்கள். அந்தக் கருவியை வைத்துக்கொண்டு அவ்வளவையும் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். எழுத்து எனக்குத் தொழில். முப்பத்தொரு வருடம் பத்திர எழுத்தராக இருந்தவன் நான்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் மனிதர்களைப் பற்றி நல்ல எண்ணம் அதிகம் மிஞ்சாது. அக்காவுக்குத் தெரியாமல் தம்பி விற்ற நிலத்தைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி வாங்கிய கையெழுத்து, பிறகு பவர் பத்திரத்தில் வந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். படுக்கையில் கிடந்த தகப்பனின் கட்டைவிரலைப் பிள்ளையே மையில் அழுத்தினான். அந்தப் பிள்ளை அழுதுகொண்டே அழுத்தினான் என்பதுதான் எனக்கு மறக்கவில்லை. ஆகவே யார் அழுதாலும் முதலில் கையைத்தான் பார்ப்பேன்.

குரல் கம்மியது போன வருடம் தவக்காலத்தில். கோவிலில் சிலுவைப் பாதைக்குச் சத்தம் போட்டு ஜெபம் சொன்னதால் கட்டிக்கொண்டது என்று நினைத்தேன். பனங்கற்கண்டு, மிளகுப் பால், தூதுவளை ரசம் என்று என் மனைவி புஷ்பம் மூன்று மாதம் வைத்தியம் பார்த்தாள். சிகரெட்டை மட்டும் நான் விடவில்லை. பிறகு சோறு இறங்கும்போது காதுவரை வலித்தது. புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூக்கு வழியாக நூல் போல ஒரு கேமராவை விட்டுப் பார்த்தார் டாக்டர். குரல்வளைக்குள் இரண்டு சதை மடிப்புகள் இருக்கின்றன, மூச்சு பட்டு அவை அதிர்ந்தால்தான் குரல், ஒன்றின் மேல் ஏதோ வளர்ந்திருக்கிறது என்றார். அந்த இடத்தில் அரிசி அளவு சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். பயாப்ஸி என்பது அவ்வளவுதான். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், முடிவுக்குத்தான் பயப்பட வேண்டும்.

முடிவை வாங்கப் புஷ்பம் மட்டும் போய் வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"சின்னக் கட்டியாம். எடுத்துட்டாச் சரியாப் போயிருமாம்ங்க."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் சொன்னதை நான் நம்பினேன். எனக்குச் சந்தேகம் வந்தது நாலாம் நாள், என் மகன் ஜோசப் சிங்கப்பூரிலிருந்து வந்து வாசலில் டாக்ஸியிலிருந்து இறங்கியபோது.

மூன்று வருடமாக வராதவன். சொந்த மாமன் மகள் கல்யாணத்துக்கே லீவு கிடைக்கவில்லை என்றவன்.

"என்னடா திடீர்னு?"

"லீவு கெடச்சுச்சுப்பா. ஒங்களப் பாத்து நாளாச்சுல்ல."

மறுநாள் காலையில் மெதுவாக ஆரம்பித்தான். "அப்பா, கெணத்துக் கொல்லை பட்டா எங்கிட்டு வச்சிருக்கீங்க?" கிணற்றுக் கொல்லை என்பது ஆவூரில் எங்களுக்கு இருக்கிற ஒன்றரை ஏக்கர். என் பெயரில் இருக்கிறது. எதற்கு என்று கேட்டேன். "சும்மா, ஒரு நகல் எடுத்து வைப்பமேன்னு" என்றான். மத்தியானம் ஆதார் கேட்டான். சாயங்காலம் ரேஷன் கார்டும் இரண்டு போட்டோவும் கேட்டான். பட்டா, ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ. இந்த நாலும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பு அரைஞாணில் கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். தலையில் கை வைத்து ஜெபித்தார், காபி குடித்தார், போகும்போது வாசலில் ஜோசப்போடு கிசுகிசு என்று பேசினார். சாட்சிக் கையெழுத்துக்கு ஊரில் பெரிய ஆளாகத்தான் பிடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். நான் நினைத்ததை இன்று எழுதும்போது கூசுகிறது. ஆனால் மாற்றி எழுதினால் இது பொய்ப் பத்திரம் ஆகிவிடும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், படுக்க வைத்து ஒரு பெரிய வளையத்துக்குள் தள்ளிக் கழுத்தைப் படம் பிடித்தார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் வெளியே நாற்காலியில் காத்திருக்க வேண்டும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். டாக்டர், "எல்லா டெஸ்டும் முடியட்டும், ஒக்காந்து வெவரமாப் பேசுவோம்" என்பார். அவர் என்னிடம் பேசி முடித்ததும் ஜோசப் அவர் பின்னாலேயே போவான். திரும்பி வரும்போது முகத்தைக் கழுவியிருப்பான்.

புஷ்பம் கஞ்சியைத் துணியில் வடிகட்டி, கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். ஜோசப் சிங்கப்பூர்த் தைலத்தை எடுத்து என் காலில் தேய்த்துவிட்டான். என் கால் பித்தவெடிப்பைக்கூட உரசிச் சுத்தம் செய்தான். இத்தனை நாள் இல்லாத பாசம் எங்கிருந்து முளைத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டேன். எல்லாக் கணக்கும் கிணற்றுக் கொல்லையில்தான் போய் முடிந்தது.

மூன்றாம் நாள் ஒரு பெண் வந்தாள். வெள்ளைக் கோட்டு, தலையில் முக்காடு, கையில் ஒரு ஃபைல், விரல் நீளத்துக்கு ஒரு ரெக்கார்டர். பெயர் பௌசியா. ஊர் மணமேல்குடிக்கு அந்தப் பக்கம் கடற்கரை. பேச்சிலும் விழுங்குவதிலும் கோளாறு வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற படிப்பு ஒன்று இருக்கிறதாம், அதில் மேல்படிப்பு கடைசி வருடம் படிக்கிறாளாம், படிப்பு முடிய ஒரு ஆராய்ச்சி செய்து எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"ஒங்க கொரலக் கொஞ்சம் பதிவு பண்ணிக்கிறேங்க அய்யா."

வார்டில் பதினெட்டுப் பேர் இருந்தோம். என் கட்டிலுக்கு மட்டும் ஏன் வந்தாள்? குரலைப் பதிவு செய்து பேங்குக்குப் போன் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வாரம்தான் வாட்ஸ்அப்பில் படித்திருந்தேன்.

"எதுக்கும்மா என் கொரலு? நான் என்ன பாட்டா பாடப்போறேன்?"

அவள் ஃபைலைத் திறப்பதற்குள் ஜோசப் எழுந்து அவளை வராண்டாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் தாள்களைக் கொடுக்கிறாள், இவன் படிக்கிறான், தலையை ஆட்டுகிறான். பிறகு இவன் மட்டும் உள்ளே வந்தான். கையில் ஒரே ஒரு தாள், அதையும் கீழ்ப்பாதி மட்டும் தெரிகிற மாதிரி மடித்து வைத்திருந்தான்.

"இங்க ஒரு கையெழுத்து போடுங்கப்பா. படிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. படிக்கிற புள்ள, பாவம்."

படிக்க ஒன்றும் இல்லாத தாளில் கையெழுத்து எதற்கு? என் தொழிலில் இதைவிட அப்பட்டமான களவாணித்தனத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் அவன் வேறு வழி தேடுவான். எங்கள் தொழில்காரர்கள் நெருக்கடியில் செய்கிற ஒரு வேலை உண்டு, அதைச் செய்தேன். என் கையெழுத்து 'ஆ. சவரிமுத்து' என்று சாய்வாக இருக்கும், கடைசியில் இழுத்து ஒரு கோடும் கீழே இரண்டு புள்ளியும் வரும். அன்று நிமிர்த்தி 'சவரி' என்று மட்டும் போட்டுக் கொடுத்தேன். இந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டு ஒரு சென்ட் நிலத்தைக்கூட அசைக்க முடியாது. மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஜோசப் டீ வாங்கப் போனான். புஷ்பம் பாத்திரம் கழுவப் போயிருந்தாள். பௌசியா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ரெக்கார்டரை வைத்தாள். ஒரே மூச்சில் "ஆ" என்று எவ்வளவு நேரம் பிடிக்க முடியுமோ பிடிக்கச் சொன்னாள். ஐந்து எண்ணுவதற்குள் அறுந்துவிட்டது. பிறகு மழையையும் குளத்தையும் பற்றி ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னாள். அதில் எங்காவது நிபந்தனை ஒளிந்திருக்கிறதா என்று முதலில் கண்ணால் ஒரு தடவை ஓட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

"இப்ப ரெண்டு நிமிசம் ஒங்களுக்கு என்ன தோணுதோ பேசுங்க அய்யா. எதப் பத்தியும் பேசலாம்."

எனக்கு அது ஆண்டவர் கொடுத்த சந்தர்ப்பமாகத் தெரிந்தது. ரெக்கார்டர் ஓடுகிறது, தேதியும் நேரமும் அதில் விழுகிறது, மூன்றாவது மனுஷி ஒருத்தி சாட்சி. தொண்டையைச் செருமிக்கொண்டு, இருந்த குரலையெல்லாம் கூட்டி ஆரம்பித்தேன்.

"ஆவூர் ஆரோக்கியம் மகன் சவரிமுத்து ஆகிய நான், பூரண சுயநினைவோடும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமலும் சொல்வது என்னவென்றால், என் மகன் ஜோசப் என்னிடம் எதையோ மறைத்துக் கையெழுத்து வாங்குகிறான். என் கிணற்றுக் கொல்லையை நான் அவனுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அவன் எனக்குப் பிள்ளையாக வரவில்லை, நிலத்துக்கு வந்திருக்கிறான். இனிமேல் என் பேரில் வருகிற எந்த ஆவணமும் செல்லாது."

இன்னும் சில வார்த்தைகள் சொன்னேன். அவற்றை எழுத மாட்டேன். பௌசியா என் முகத்தைப் பார்க்காமல் ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடம் முடிந்ததும், "நன்றிங்க அய்யா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு நாள் கழித்து அவள் திரும்பி வந்தாள். முகம் வாடியிருந்தது. ஜோசப் ஏதோ சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகம் போயிருந்தான்.

"அய்யா, நீங்க போட்ட கையெழுத்து கேஸ் ஷீட்ல இருக்கறதோட ஒத்துப்போகலைன்னு எங்க மேடம் சொல்றாங்க. நான் ஒங்க பக்கத்துல ஒக்காந்து படிச்சுக் காட்டித்தான் வாங்கியிருக்கணுமாம். ஒங்க மகன் படிச்சுக் காட்டிட்டேன், அப்பாவுக்கு எல்லாம் தெரியும்னு சொன்னாரு, நானும் வாங்கிட்டேன். தப்பு என்மேலதான். இன்னைக்கு முழுசாப் படிச்சுக் காட்டுறேன்."

"கொடும்மா. நானே படிக்கிறேன்."

நாலு தாள் இருந்தது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். எந்த ஆவணத்தையும் தலைப்பிலிருந்து படிக்கிறவன் நான். தலைப்பு இப்படி இருந்தது: குரல்வளைப் புற்றுநோய்க்காகக் குரல்வளை முழுவதும் அகற்றப்படவிருக்கும் நோயாளிகளின் பேச்சு, அறுவைக்கு முன்னும் பின்னும்.

இன்னொரு தடவை படித்தேன். அடுத்த பத்தியில், 'இந்த அறுவைக்குப் பிறகு தங்களுடைய இயல்பான குரல் திரும்ப வராது என்பதைத் தாங்கள் அறிவீர்கள்' என்று இருந்தது. அறிவேன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

"அய்யா," என்றாள் பௌசியா. அப்புறம் மெதுவாக, "ஒங்களுக்குத் தெரியாதா?"

 அவள் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். "எனக்குத் தெரியாதுங்க அய்யா, சத்தியமாத் தெரியாது" என்று அழ ஆரம்பித்தாள். நான் பழக்கத்தில் அவள் கையைப் பார்த்தேன். பேனாகூட இல்லை.

பயத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதலில் வந்தது பயம் இல்லை, வெட்கம். ஊர் நிலத்துக்கெல்லாம் எல்லை பார்த்தவன், என் தொண்டைக்குள் வளர்ந்ததை ஒரு நிமிடம்கூடச் சந்தேகப்படவில்லை. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. வெட்டுகிற பயத்தைவிட, வெட்டிய பிறகு புஷ்பத்தை எப்படிக் கூப்பிடுவேன் என்ற பயம்.

ஜோசப் வந்ததும் தாளை நீட்டினேன். பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்து என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மாதான் சொல்ல வேணாம்னுச்சுப்பா. தெரிஞ்சா மனசு விட்ருவீங்கன்னு. சாமியாருகிட்டயும் கேட்டோம், அவரு சொல்லிருங்கன்னாரு. எனக்குத்தான் வாய் வரல."

"பட்டா?"

"காப்பீட்டுக்கு வருமானச் சான்று வாங்கணும்ப்பா. நெலம் எவ்வளவு இருக்குன்னு கேட்டாங்க. அதுக்குத்தான்."

நாலும் எதற்குச் சேர்ந்தன என்று அப்போது புரிந்தது. அந்த நிமிடமே நான் அவனிடம் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. சந்தேகப்பட்ட வெட்கம் ஒரு பக்கம், என்னை முட்டாளாக்கி வைத்திருந்தார்களே என்ற கோபம் ஒரு பக்கம். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அன்று முழுவதும் அவனோடும் புஷ்பத்தோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. புஷ்பம் கட்டில் காலடியில் நின்று, "திட்டவாச்சும் செய்யுங்களேன்" என்றாள். அதற்கும் வாயைத் திறக்கவில்லை. எண்ணி வைத்த மாதிரி கொஞ்ச நாள் குரல்தான் மிச்சம் என்று படித்த பிறகும், அதை வீம்புக்குப் பூட்டி வைத்தேன். நாளைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை இட்லிக்கு உட்காரும்போது மூச்சு இழுத்தது. விசில் மாதிரி ஒரு சத்தம், உள்ளே காற்று போகவில்லை. கட்டி வழியை அடைத்துவிட்டது. ஓடி வந்தார்கள், தள்ளுவண்டியில் போட்டார்கள், கழுத்தில் மரத்துப்போக ஊசி போட்டுச் சுவாசக் குழாயில் துளையிட்டு ஒரு டியூப் வைத்தார்கள். உயிர் வந்தது. மூச்சு அந்த டியூப் வழியாகவே போய்விட்டதால் குரல் அன்றோடு போனது. உதட்டை அசைத்தேன், காற்றுகூட வெளியே கேட்கவில்லை. ஜோசப் பக்கத்தில் குனிந்து, "என்னப்பா, என்னப்பா" என்றான். நான் ஒரு நாள் தாமதம்.

பெரிய ஆபரேஷன் பத்து நாள் கழித்து நடந்தது. அதற்கான சம்மதப் படிவத்தை எல்லாப் பக்கமும் நானே படித்து, சாய்வாக, கோடு இழுத்து, இரண்டு புள்ளி வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பௌசியாவின் தாளிலும் அதே கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். அந்த வார்டில் எனக்கு உண்மையைச் சொன்ன ஒரே தாள் அதுதான். அவள் அப்போதே சொன்னாள்: "பழைய பதிவ வேண்டாம்னா அழிச்சிர்றேங்க அய்யா. ஒங்க உரிமை." அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆராய்ச்சிக்காக அதை ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதியவள் அவள். நான் அழிக்கவும் சொல்லவில்லை, வைக்கவும் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு மூக்கில் டியூப், கழுத்தில் தையல், ஸ்லேட்டில் எழுத்து. ஜோசப் லீவை நீட்டிக்கொண்டே போனான். துளையைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டான், சளியை முகம் சுளிக்காமல் துடைத்தான். மன்னித்துவிடு என்று ஸ்லேட்டில் எழுதினேன். "எதுக்குப்பா, நாங்கதான மறச்சோம்" என்று அழித்துவிட்டான். எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம் என்றுதான் நானும் இருந்தேன்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனோம். மாடியில் மூலை அறையில் பௌசியா இந்தக் கருவியைப் பிடிக்கப் பழக்கிவிட்டாள். அறுவைக்குப் பிந்தைய பேச்சைப் பதிவு செய்துகொண்டாள். ஜோசப்புக்கு அடுத்த வாரம் விமானம். அவன் திடீரென்று கேட்டான்:

"மேடம், அப்பாவோட பழைய கொரலு ஒங்ககிட்ட இருக்குல்ல. எனக்கு அனுப்ப முடியுங்களா? வீட்ல ஒரு வீடியோகூட இல்ல. கல்யாண வீடியோலயும் பாட்டுதான் ஓடுது. அன்னைக்கு நீங்க கேக்கவும், அப்பா கொரலு ஒரு எடத்துலயாச்சும் இருக்கட்டுமேன்னுதான் சரின்னேன். இல்லாட்டி அந்தத் தாளு அவரு கண்ணுல படவே விட்டுருக்க மாட்டேன்."

பௌசியா என்னைப் பார்த்தாள்.  அவள் சட்டென்று, "அதுல 'ஆ'ன்னு சொன்னதும் ஒரு பத்தி வாசிச்சதும் நல்லா இருக்குங்க. அத மட்டும் தனியா எடுத்து அனுப்புறேன்" என்றாள். நல்ல பெண். எனக்கு வழி விட்டாள். தலையை ஆட்டினால் போதும். மழையும் குளமும் மட்டும் சிங்கப்பூர் போய்ச் சேரும்.

ஆனால் அது அவர்கள் எனக்குச் செய்ததேதான். ஒரு தாளைக் கீழ்ப்பாதி மட்டும் தெரிய மடித்து நீட்டுவது. கருவியை எடுத்துத் தாடைக்குக் கீழே வைத்தேன்.

"முழுசாப் போடும்மா," என்றேன். அவளுக்குப் புரிந்தும் அசையாமல் இருந்தாள். மறுபடி சொன்னேன். "இங்கேயே போடு. அவன் கேக்கட்டும்."

போட்டாள். "ஆ" வந்தது, மழை வந்தது. பிறகு ஆவூர் ஆரோக்கியம் மகன் சவரிமுத்து வந்தான். கம்மலான குரல், ஆனால் என் குரல். புஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் எனக்குப் பிள்ளையாக வரவில்லை என்ற இடத்தில் நான் தரையைப் பார்த்தேன். நான் இங்கே எழுத மறுத்த வார்த்தைகளும் அந்தச் சின்ன அறையில் ஒவ்வொன்றாகக் கேட்டன. ஜோசப் முழங்கையை மேசையில் ஊன்றி, குனிந்து, கடைசிவரை கேட்டான். முடிந்தது.  அவன் என் பக்கம் திரும்புவான், ஏதாவது கேட்பான் என்று காத்திருந்தேன். என்ன கேட்டாலும் ஒத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன்.

அவன் ரெக்கார்டரைத் தன் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டான்.

"இன்னொரு தடவ போடுங்க மேடம்," என்றான்.